ஸ்காட்டியர் ஏன் வெளியேறினர், மற்றவர்கள் ஏன் அங்கே வந்தனர்?

கேள்வி இதுதான்: 19ஆம் நூற்றாண்டில் கப்பலும் ரயில் எஞ்சினும் இரும்பும் செய்து உலகத்துக்கே விற்ற நாடு ஸ்காட்லாந்து. அப்படி வேலை இருந்த நாட்டை விட்டு லட்சக்கணக்கானோர் ஏன் போனார்கள்? அவர்கள் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில் ஐரிஷ்காரரும் இத்தாலியரும் லித்துவேனியரும் யூதரும் ஏன் அங்கே வந்து இறங்கினார்கள்?

இரண்டுக்கும் அடிப்படைக் காரணம் ஒன்றுதான். ஸ்காட்லாந்தின் தொழில்கள் ஏற்றுமதியை நம்பி, குறைந்த கூலியில் ஓடியவை. அந்தக் கூலி ஐரிஷ் கிராமத்துப் பட்டினிக்காரருக்குப் பெரிய தொகை. கைத்தொழில் தெரிந்த, எழுதப் படிக்கத் தெரிந்த ஸ்காட்டியருக்கோ டொராண்டோவிலும் நியூயார்க்கிலும் மெல்பர்னிலும் அதைவிட அதிகம் கிடைத்தது. ஆகவே கீழ்ப்படியில் ஆள் ஏறினார், மேல்படியில் ஆள் இறங்கிப் போனார். கொடுமை, பஞ்சம், பேராசை, மதம், அரசின் பணம் எல்லாம் இதற்குள்தான் வருகின்றன. யாருக்கு எது எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

முதலில் அளவு. 1825க்கும் 1938க்கும் இடையில் 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஸ்காட்லாந்திலிருந்து கடல் கடந்து போனார்கள். 1841 முதல் 1911 வரை இங்கிலாந்துக்குப் போனவர்கள் ஏறக்குறைய 6 லட்சம் பேர் தனி. 1851 கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த மக்கள்தொகையே 29 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மக்கள்தொகையின் விகிதத்தில் பார்த்தால் ஐரோப்பாவில் அயர்லாந்து, நார்வே, ஸ்காட்லாந்து ஆகிய மூன்றும்தான் ஆள் போவதில் முன்வரிசை. மற்ற இரண்டும் விவசாய நாடுகள். தொழில்மயமான நாடு ஒன்று அந்த வரிசையில் நின்றது என்பதுதான் இதில் உள்ள புதிர்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆட்டுக்காக மக்களை விரட்டிய கதையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது நடந்தது, கொடூரமாகவே நடந்தது. ஆனால் 1850க்குப் பிறகு கப்பல் ஏறியவர்களில் பெரும்பாலோர் அந்த மலைக்காரர்கள் அல்லர். வடக்கிலும் மேற்கிலும் உள்ள மலைகளும் தீவுகளும் ஹைலண்ட்ஸ்; தெற்கிலும் கிழக்கிலும் உள்ள வயல்களும் தொழில் நகரங்களும் லோலண்ட்ஸ். இந்த இரண்டிலும் ஆட்கள் வெளியேறிய விதம் வேறு வேறு. இதைக் கலந்துவிட்டால் விடை தவறிப் போகும்.

ஹைலண்ட்ஸில் நடந்ததைப் புரிந்துகொள்ளக் கடற்பாசியிலிருந்து தொடங்க வேண்டும். கரையில் ஒதுங்கும் பாசியை வெட்டிக் காயவைத்து எரித்தால் கெல்ப் என்ற காரச் சாம்பல் கட்டி கிடைக்கும். சோப்புக்கும் கண்ணாடிக்கும் அது தேவை. சுமார் 20 டன் ஈரப் பாசி எரித்தால் 1 டன் கெல்ப். இடுப்பளவு குளிர்ந்த கடல்நீரில் நின்று செய்யும் வேலை. ஏராளமான ஆள் வேண்டும். நெப்போலியன் போர்க் காலத்தில் ஸ்பெயினிலிருந்து வந்த பரில்லா என்ற சாம்பல் தடைப்பட, கெல்ப் விலை டன்னுக்கு 20 பவுண்டு வரை போனது. லாபம் நிலப்பிரபுவுக்கு. உழைத்தவருக்குச் சிறு கூலி மட்டும்.

இங்கேதான் பொறி இருக்கிறது. நிலப்பிரபுக்கள் பழைய கூட்டுக் குத்தகை ஊர்களைக் கலைத்து, கடலோரத்தில் கிராஃப்ட் என்ற சிறு துண்டு நிலங்களாக வெட்டினார்கள். ஒரு குடும்பம் அதை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாதபடி வேண்டுமென்றே சிறிதாக. வாடகை கட்ட வேண்டுமானால் கெல்ப் எரித்தே ஆக வேண்டும். அவ்வளவு சிறிய நிலத்தில் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய உணவைத் தரக்கூடியது உருளைக்கிழங்கு ஒன்றுதான். ஆட்கள் அமெரிக்காவுக்குப் போய்விடக் கூடாது என்று 1803ல் பயணிகள் கப்பல் சட்டம் வந்தது. பயணிகளின் நலம் காக்கும் சட்டம் என்று பெயர். இடமும் உணவும் கட்டாயமாக அதிகமாக்கப்பட்டதால் கட்டணம் இருமடங்குக்கும் மேல் ஏறி, ஏழைக்கு எட்டாமல் போனது. அதற்காக முன்நின்று வாதாடியவர்களில் ஹைலண்ட் நிலப்பிரபுக்கள் முக்கியமானவர்கள்.

1815ல் போர் முடிந்தது. பரில்லா மறுபடி வந்தது, 1820களில் அதன் மீதான இறக்குமதி வரியும் குறைந்தது. கெல்ப் விலை விழுந்தது. நேற்று வரை போக விடாமல் பிடித்து வைக்கப்பட்ட மக்கள் இன்று நிலத்துக்குச் சுமை என்று ஆனார்கள். 1827ல் அந்தக் கப்பல் சட்டக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. ஆட்களைப் பிடித்து வைத்த அதே வர்க்கம் இப்போது அவர்களை அனுப்பி வைக்கக் காசு கேட்டு அரசிடம் நின்றது.

ஹைலண்ட்ஸின் வடகோடியில் உள்ள சதர்லாந்தில் விரட்டல் இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் செவியட் ஆட்டுக்கு இடம் வேண்டும் என்று மக்களைக் கடலோரத்துக்குத் தள்ளினார்கள். 1814ல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் வீடுகளின் கூரைகளுக்குத் தீ வைத்த வழக்கில் எஸ்டேட் நிர்வாகி பேட்ரிக் செல்லர் 1816ல் விசாரிக்கப்பட்டு விடுதலையானார். கூரையை எரித்ததற்கு நடைமுறைக் காரணம் உண்டு: மரம் கிடைக்காத பகுதி அது. கூரை மரம் போய்விட்டால் குடும்பம் திரும்பி வந்து அங்கே வீடு கட்ட முடியாது.

1846ல் உருளைக்கிழங்கில் கருகல் நோய் வந்தது. அயர்லாந்தை அழித்த அதே நோய். ஆனால் ஹைலண்ட்ஸில் சாவு எண்ணிக்கை அயர்லாந்தோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. ஆபத்தில் இருந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு. சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்திலிருந்து 1843ல் பிரிந்து உருவான ஃப்ரீ சர்ச் உடனே உதவி திரட்டியது. தெற்கே கிளாஸ்கோ பக்கம் கூலி வேலைக்குப் போகவும் வழி இருந்தது. நிவாரணக் குழு முதலில் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை பவுண்டு எடை மாவு, பெண்ணுக்கு முக்கால், குழந்தைக்கு அரை என்று கொடுத்தது. ‘சும்மா கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள்’ என்று பிறகு அதையும் குறைத்து, ஒரு நாள் முழுவதும் சாலை போட்டால்தான் மாவு என்றார்கள். மேற்குக் கரையில் பஞ்சச் சாலைகள் இன்றும் உள்ளன.

நோய் 1850களிலும் திரும்பத் திரும்ப வந்தது. உதவிப் பணம் 1850ல் தீர்ந்தது. அதன் பிறகுதான் பெரிய அளவில் ஏற்றி அனுப்பினார்கள். பாரா, தெற்கு யூயிஸ்ட் தீவுகளின் சொந்தக்காரர் கார்டன் ஆஃப் க்ளூனி 1851ல் மட்டும் சுமார் 1,700 பேரைக் கியூபெக்குக்கு அனுப்பினார். கையில் காசோ மாற்றுத் துணியோ இல்லாமல் போய் இறங்கியவர்களைப் பார்த்துக் கனடா அதிகாரிகளே புகார் எழுதினார்கள். லூயிஸ் தீவை வாங்கிய ஜேம்ஸ் மாத்சன் சீனாவில் அபின் விற்றுச் சேர்த்த பணத்தில் 2,000க்கும் மேற்பட்டோரைக் கனடாவுக்கு அனுப்பினார். பழைய வாடகைப் பாக்கியையும் தள்ளிவிட்டார். 1852 முதல் 1857 வரை ஹைலண்ட் மற்றும் தீவுக் குடியேற்றச் சங்கம் கிட்டத்தட்ட 5,000 பேரை ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றியது. ஆட்டு மேய்ச்சலுக்கு அங்கே ஆள் தேவைப்பட்ட நேரம் அது. அங்கே தங்கம் கிடைத்ததும் இருந்த மேய்ப்பர்கள் சுரங்கத்துக்கு ஓடிவிட்டிருந்தார்கள்.

விரட்டலைத் தடுக்கும் சட்டம் 1886ல்தான் வந்தது. 1882ல் ஸ்கை தீவின் பிரேஸ் பகுதியில் கிராஃப்டர்கள் போலீஸோடு மோதினார்கள். 1883ல் நேப்பியர் ஆணையம் ஊர் ஊராகச் சென்று வாக்குமூலம் எடுத்தது. 1886 சட்டம் நிலத்தை விட்டு வெளியேற்ற முடியாத உரிமையும் நியாய வாடகையும் கொடுத்தது. நிலம் மட்டும் பெருகவில்லை. அதனால் போவது நின்றுவிடவில்லை.

இனி லோலண்ட்ஸ். எண்ணிக்கை பெரிது இங்கேதான்.

அங்கே உழவுத் தொழிலாளியை ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஆள்பிடிக்கும் சந்தையில் பேசி அமர்த்துவார்கள். கூலியில் ஒரு பகுதி ஓட்ஸ் மாவு, உருளைக்கிழங்கு, நிலக்கரி. மணமானவருக்குப் பண்ணை வீடு. வேலை போனால் அன்றே வீடும் போகும். மணமாகாதவர்கள் பாத்தி என்ற கொட்டகையில் சேர்ந்து தங்கினார்கள். நிலம் 19 ஆண்டுக் குத்தகையில் பெரிய பண்ணைகளாக இருந்தது. எத்தனை திறமையான உழவராக இருந்தாலும் சொந்தமாகப் பண்ணை எடுக்க முதல் கிடையாது. இவர் பட்டினி கிடந்து ஓடியவர் அல்லர். தன் தகப்பன் உழுத நிலத்தைத் தன் மகனும் பிறருக்காகவே உழ வேண்டுமா என்று கணக்குப் போட்டுப் போனவர்.

அப்படிப்பட்டவருக்குக் கனடா 1872ல் ஒரு சட்டம் போட்டது. 10 டாலர் கட்டணம், 160 ஏக்கர் நிலம். மூன்று ஆண்டுகள், ஆண்டுக்குக் குறைந்தது ஆறு மாதம் அங்கே தங்க வேண்டும். வீடு கட்ட வேண்டும். ஒரு பகுதியை உழுது பயிரிட வேண்டும். பிறகு பட்டா. கிளாஸ்கோவிலும் வடக்கிலும் கனடா அரசின் முகவர்கள் இருந்தார்கள். சந்தை நாளில் ஊருக்குள் வந்து மாய விளக்குப் படம் காட்டிப் பேசினார்கள். அவர்கள் சொல்லாமல் விட்டது இது: 10 டாலர் நிலத்துக்கு மட்டும். மாடு, கலப்பை, விதை, முதல் அறுவடை வரை சாப்பாடு எல்லாவற்றுக்கும் தனிப் பணம் வேண்டும். கன்னிப் புல்வெளியின் வேரை அறுத்து உழுவதே முதல் ஆண்டை விழுங்கிவிடும். இலையுதிர் காலத்தில் முன்கூட்டி உறைபனி விழுந்தால் கோதுமை போச்சு. புல்வெளி மாகாணங்களில் பதிவான இத்தகைய நிலங்களில் பத்தில் நான்கு பட்டா வரை போகவே இல்லை. வெற்றி பெற்றவர்கள் பலர் முதல் இரண்டு மூன்று ஆண்டு ரயில்பாதை வேலைக்கோ மரம் வெட்டவோ போய்ச் சேர்த்த காசில் நிலத்தைத் தக்க வைத்தவர்கள்.

நகரத்துக் கதை வேறு. 1861ல் ஸ்காட்லாந்தின் வீடுகளில் மூன்றில் ஒன்று ஒரே அறை கொண்டது. 1911ல்கூட மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஓரறை, ஈரறை வீடுகளில் இருந்தார்கள். இங்கிலாந்தில் அந்த விகிதம் மிகக் குறைவு. கப்பல் கட்டும் தொழில் ஒரு வருடம் ஓகோவென்று ஓடும், அடுத்த வருடம் படுத்துவிடும். ஸ்காட்லாந்தின் ஏழைகள் சட்டத்தில் உடல் திடமான ஆணுக்கு வேலை இல்லை என்பதற்காக உதவி கேட்கும் உரிமையே இல்லை. எனவே தொழில் படுத்தால் கொல்லர், தச்சர், எஞ்சினியர், சுரங்கத் தொழிலாளி கப்பல் டிக்கெட் விலையைப் பார்ப்பார்.

நீராவிக் கப்பல் வந்ததும் அந்தப் பார்வை எளிதானது. பாய்மரத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆறு வாரம். 1870களில் பத்து நாள், பிறகு ஒரு வாரம். வேலை இழந்து கடலில் கழியும் ஆறு வாரக் கூலிதான் ஏழைக்கு டிக்கெட்டைவிடப் பெரிய செலவாக இருந்தது, அது கரைந்தது. அபர்டீனின் கிரானைட் கல்தச்சர்கள் வசந்தத்தில் அமெரிக்கா போய் வேலை செய்து குளிர்காலத்துக்கு வீடு திரும்பினார்கள். அவர்களில் பலர் வெர்மான்ட் மாநிலத்து பாரி (Barre) நகரில் தங்கிவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் போனவர்களில் மூன்றில் ஒருவர் திரும்பி வந்தார் என்பது பொதுவான மதிப்பீடு. எல்லாரும் அழுதுகொண்டே என்றென்றைக்குமாகப் போனார்கள் என்ற படம் லோலண்ட்ஸுக்குப் பொருந்தாது.

போன இடத்தை முடிவு செய்தது பெரும்பாலும் முன்னால் போனவரின் கடிதம். பல நேரம் அதோடு முன்பணம் கட்டிய டிக்கெட்டும். ஆர்க்னி தீவினர் கனடாவில் விலங்குத் தோல் வியாபாரம் செய்த ஹட்சன் பே கம்பெனிக்குப் போனதற்கு, அதன் கப்பல்கள் ஸ்ட்ராம்னஸ் துறையில் நின்று தண்ணீரும் ஆளும் ஏற்றியது காரணம். நியூசிலாந்தின் ஒட்டாகோவில் 1848ல் ஃப்ரீ சர்ச் ஆட்கள் குடியேறி அமைத்த நகருக்கு டனீடன் என்று பெயர். ஹைலண்ட்ஸின் பழைய மொழியான கேலிக்கில் எடின்பரோவுக்குள்ள பெயரிலிருந்து வந்தது. விருப்பம் கேட்கப்படாமல் போனவர்களும் உண்டு: கிளாஸ்கோ அருகே வில்லியம் குவாரியர் நடத்திய அநாதை இல்லம் 1930கள் வரை சுமார் 7,000 பிள்ளைகளைக் கனடாப் பண்ணைகளுக்கு அனுப்பியது. அவர்களில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிருடன் இருந்தார்கள்.

தமிழருக்கு நேரடித் தொடர்புள்ள இடம் இலங்கை. கின்கார்டின்ஷையரில் பிறந்த ஜேம்ஸ் டெய்லர் 1852ல், இருபது வயது நிரம்பாதவராக, கண்டிப் பக்கம் காப்பித் தோட்டத்துக்கு வந்தார். 1867ல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869ல் காப்பி இலைத் துரு நோய் வந்து காப்பி அழிந்தபோது தேயிலைதான் தோட்டங்களைக் காப்பாற்றியது. துரைமாரில் ஸ்காட்டியர் மிகுதி. மலையகத்தில் கிளாஸ்கோ, எடின்பரோ, பால்மோரல், ஹோலிரூட், டன்சினேன் என்று தோட்டங்கள் இருப்பது அதனால்தான். அந்தத் தோட்டங்களில் உழைக்கச் சென்னை மாகாணத்து மக்கள் கங்காணி கொடுத்த முன்பணத்தோடு மன்னார் வழி நடந்து போனார்கள். ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர் மகன் சின்னத்துரை என்ற துணை மேலாளர் ஆனதும், பஞ்சம் பிழைக்கப் போன தமிழர் கடனோடு லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் ஏறியதும் ஒரே மலையில், ஒரே காலத்தில் நடந்தவை. ஒருவர் நினைத்தால் திரும்பலாம். மற்றவரை துண்டுச் சீட்டில் எழுதிய கடன் பிடித்து வைத்திருந்தது.

வங்காளத் தொடர்பு டண்டீ நகருடையது. வங்காளத்துச் சணலைத் திமிங்கில எண்ணெயும் தண்ணீரும் தெளித்து இளக்கி நூற்ற ஊர் அது. ஆலைகளில் பெண்களே பெரும்பான்மை, கூலி குறைவு என்பதால். பையன்களைச் சேர்ப்பார்கள், 18 வயதில் ஆண் கூலி கொடுக்க வேண்டி வரும்போது நிறுத்திவிடுவார்கள். அந்த வயதில் அவர்களுக்கு இருந்த வழி பட்டாளம், கப்பல், அல்லது வீட்டில் சும்மா இருப்பது. 1855ல் ஹூக்ளிக் கரையில் ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை டண்டீ இயந்திரங்களோடு தொடங்கியது. பிறகு அந்த ஆலைகளை நடத்தப் போன மேஸ்திரிகளும் மேனேஜர்களும் டண்டீக்காரர்கள். நூற்றாண்டு முடிவதற்குள் கல்கத்தா டண்டீயை முந்தியது. தன் ஊரின் தொழிலை வீழ்த்திய ஆலைகளை நடத்தியவர்களே அந்த ஊரார்தான்.

இப்போது வந்தவர்கள். 1841ல் ஸ்காட்லாந்தில் அயர்லாந்தில் பிறந்தவர்கள் 1 லட்சத்து 26 ஆயிரம். 1851ல் 2 லட்சத்து 7 ஆயிரம், அதாவது நூற்றுக்கு ஏழு பேர். கிளாஸ்கோவிலும் டண்டீயிலும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். பஞ்சத்துக்கு முன்பே அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்: நீராவிப் படகின் மேல்தளத்தில் சில பென்ஸ் கொடுத்தால் பெல்ஃபாஸ்டிலிருந்து கிளாஸ்கோ. முதலில் அறுவடைக்கு வந்து திரும்பினார்கள், பிறகு தங்கினார்கள். அமெரிக்காவுக்குப் போகக் காசு இல்லாதவர்களுக்கு எட்டிய ஊர் இதுதான். ரயில்பாதை, துறைமுகம், லனார்க்ஷையர் சுரங்கம், கோட்பிரிட்ஜ் இரும்பு உலை, டண்டீ ஆலை. 1847ல் பசியோடு வந்தவர்களிடம் டைஃபஸ் காய்ச்சலும் வந்தது; நெரிசலான சந்துகளில் பரவி, அவர்கள் மீதான வெறுப்புக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. ஐந்தாண்டு வசிப்பு இல்லாதவர் ஏழை உதவி கேட்டால் திருப்பி அனுப்பவும் சட்டம் இடம் கொடுத்தது.

வந்த ஐரிஷ்காரர் எல்லாரும் கத்தோலிக்கர் என்று நினைப்பது பரவலான பிழை. அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரிலிருந்து வந்த புராட்டஸ்டண்ட்டுகளும் கணிசம். ஆரஞ்சு லாட்ஜ் என்ற புராட்டஸ்டண்ட் சங்கங்கள் அவர்களோடு வந்தன. ஒதுக்கப்பட்ட கத்தோலிக்கர் தங்கள் கோயில், பள்ளி, கால்பந்துக் கிளப் என்று அமைத்துக்கொண்டார்கள்: எடின்பரோவில் 1875ல் ஹிபர்னியன், கிளாஸ்கோவில் 1887ல் செல்டிக். 1918 கல்விச் சட்டம் அவர்களுடைய பள்ளிகளை அரசுச் செலவில் கொண்டுவந்தது.

லித்துவேனியர் தங்களை ஆண்ட ரஷ்ய ஜார் மன்னரின் பட்டாள ஆள்பிடிப்புக்கும், 1864 முதல் 1904 வரை தங்கள் மொழியை லத்தீன் எழுத்தில் அச்சிடத் தடை விதித்த ஆட்சிக்கும் தப்பி லனார்க்ஷையர் சுரங்கங்களுக்கு வந்தார்கள். மேஸ்திரிகள் அவர்களைப் போலிஷ்காரர் என்றே எழுதி, வாயில் நுழையாத பெயர்களை ஸ்மித், பிரௌன் என்று மாற்றினார்கள். கூலியைக் குறைக்க வந்தவர்கள் என்று முதலில் தொழிற்சங்கம் எதிர்த்தது. பின்னர் வேலைநிறுத்தங்களில் அவர்கள் உறுதியாக நின்றதும் சேர்த்துக்கொண்டது. 1917ல் பிரிட்டனும் ரஷ்யாவும் செய்த ஒப்பந்தப்படி ஒன்று பிரிட்டிஷ் படையில் சேர வேண்டும், இல்லையேல் ரஷ்யா திரும்ப வேண்டும். சுமார் 1,100 ஆண்கள் ரஷ்யாவுக்குப் போனார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை. விட்டுச் சென்ற பெண்களையும் குழந்தைகளையும் 1920ல் நாடு கடத்தினார்கள்.

ரஷ்யப் பேரரசின் யூதர்களுக்கு ஸ்காட்லாந்து பெரும்பாலும் வழிப்பாதை: எடின்பரோவின் லீத் துறையில் இறங்கி, ரயிலில் கிளாஸ்கோ, அங்கிருந்து அமெரிக்கக் கப்பல். காசு தீர்ந்தவர்களும் வேலை கிடைத்தவர்களும் கிளாஸ்கோவின் கோர்பல்ஸ் பகுதியில் தங்கித் தையல் வேலையும் தவணை வியாபாரமும் செய்தார்கள். இத்தாலியர் பெரும்பாலும் பார்கா, பிச்சினிஸ்கோ என்ற இரண்டே வட்டாரங்களிலிருந்து வந்தவர்கள். முன்னால் வந்தவர் பையனை வரவழைத்து, தள்ளுவண்டியில் ஐஸ்கிரீம் விற்க வைத்து, பிறகு கடை வைத்துக் கொடுப்பார். வேறு எந்தக் கூலிக்காரரோடும் போட்டி இல்லாததால் அவர்கள் மேல் பகை குறைவு. ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தது மட்டும்தான் சர்ச்சுக்காரரை உறுத்தியது.

இந்த இரு ஓட்டங்களையும் ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமானால் தாமஸ் லிப்டனைப் பாருங்கள். பெற்றோர் அயர்லாந்தின் ஃபெர்மனாவிலிருந்து கிளாஸ்கோ வந்தவர்கள். அவர் பதின்வயதில் அமெரிக்கா போய் வேலை பார்த்துத் திரும்பி, 1871ல் கிளாஸ்கோவில் மளிகைக் கடை வைத்தார். 1890ல் இலங்கையில் தோட்டங்கள் வாங்கினார்.

முதல் உலகப் போருக்குப் பின் கப்பல் கட்டுதல், நிலக்கரி, சணல் மூன்றும் ஒன்றாகச் சரிந்தன. 1922 பேரரசுக் குடியேற்றச் சட்டம் கப்பல் கட்டணத்தில் அரசுப் பணம் போட்டது. 1923 ஏப்ரல் 21 அன்று மெட்டகாமா என்ற கப்பல் ஸ்டார்னவேயில் நின்று லூயிஸ் தீவின் சுமார் 300 பேரை ஏற்றிக்கொண்டு கனடா போனது. பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். 1919 புத்தாண்டு அன்று, போரிலிருந்து வீடு திரும்பியவர்களை ஏற்றி வந்த அயோலேர் கப்பல் அதே துறைமுக வாசலில் மூழ்கி 201 பேர் இறந்த தீவு அது. 1931 கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தின் மக்கள்தொகை 1921ஐவிடச் சுமார் 40,000 குறைந்திருந்தது. கணக்கெடுப்பு தொடங்கிய 1801க்குப் பிறகு பத்தாண்டில் குறைந்தது அதுவே முதல் முறை.

மெட்டகாமா போன அடுத்த மாதம், 1923 மே மாதத்தில், சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்தின் பொதுப் பேரவையில் ஓர் அறிக்கை வைக்கப்பட்டது. ஐரிஷ் கத்தோலிக்கர் வந்து குவிவதால்தான் ஸ்காட்டியர் நாட்டை விட்டுப் போக நேர்கிறது என்றது அது. கணக்கெடுப்பு சொல்வது நேர்மாறானது: அயர்லாந்தில் பிறந்தவர்கள் 1901ல் 2 லட்சத்து 5 ஆயிரம், 1921ல் 1 லட்சத்து 59 ஆயிரம், 1931ல் 1 லட்சத்து 24 ஆயிரம். வேலை குறைந்ததும் ஐரிஷ்காரர் வருவதும் குறைந்துவிட்டது. ஸ்காட்டியரைக் கப்பல் ஏற்றிய அதே சரிவுதான் அவர்களையும் வரவிடாமல் நிறுத்தியது.